ஐந்தாவது பாட்டில்

எனக்கு எண்ணத் தெரியும். வேறு எதற்கும் நான் லாயக்கில்லை என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார், சொல்லிவிட்டுப் போகட்டும். புக்கிட் தெங்காவில் ஒரு ஃபேக்டரியில் பதினான்கு வருஷம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தீப்பெட்டி அளவு சர்க்யூட் பலகைகளில் பிசகு எண்ணியவள் நான். இந்த ஜெயலெட்சுமி பார்த்து அனுப்பிய பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்த லைனை இழுத்து மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, அதே கண்ணோடு ஆயர் ஈத்தாம் மேட்டில் செத்த ஈக்களை எண்ண வந்தேன்.

அந்த எண்ணிக்கையால்தான் ஒரு மனுஷனுடைய கை போயிற்று. எண்ணிக்கையில் தப்பில்லை. நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருக்காது. அதைத்தான் சொல்ல வருகிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

பெரிய மின்கம்பிகள் போகிற பாதைக்குக் கீழே, என் மாமனார் காலத்திலிருந்து எங்களுக்கு ஒரு துண்டு நிலம். அவர் போன பிறகு நடுவில் ஓடுகிற கால்வாயை எல்லையாக வைத்து அண்ணனும் தம்பியும் பிரித்துக்கொண்டார்கள். இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் தங்கராஜு. அந்தப் பக்கம் என் கொழுந்தன் குணசீலன். தண்ணீர்த் தொட்டி யாருக்கு என்று ஒரு சண்டை வந்து, இரண்டு வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. “அந்த நாயோட நீ பேசுனன்னு தெரிஞ்சது, நாக்க அறுத்துடுவேன்” என்று எனக்கு உத்தரவு. சொன்னால் செய்கிறவர். என் இடது காதில் மூன்று வருஷமாக ஓயாமல் ஒரு இரைச்சல் கேட்கிறதே, அது அவருடைய கைவேலைதான்.

வெளியே கேட்டுப் பாருங்கள், தங்கமான மனுஷன் என்பார்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுவது அவர்தான். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு வந்து என்னிடம்தான் இறக்குவார்.

நாங்கள் போடுவது பாகலும் பீர்க்கும். பாதிக்கு மேல் சூலியா தெருவில் பஷீர் பாயுடைய நாசி கண்டார் சோற்றுக் கடைக்குப் போகும். காலை எட்டு மணிக்குப் பாயே வேனை ஓட்டிக்கொண்டு வந்து ஏற்றிப் போவார். அவர் கடைப் பாகற்காய் வறுவலுக்கென்றே ஆபீஸ்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். எங்கள் அடுப்பு எரிவது அந்த வேனால்தான்.

பாகலுக்கு எமன் பழ ஈ. சாதாரண ஈயைவிடக் கொஞ்சம் பெரிது, உடம்பில் மஞ்சள் பட்டை, பார்த்தால் குளவிக் குஞ்சு என்பீர்கள். பொட்டை ஈ பிஞ்சில் உட்கார்ந்து குத்தி, உள்ளே முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும். உள்ளே வெள்ளைப் புழு காயைத் தின்று கூழாக்கிவிடும். அந்தப் புழுவை எடுத்துத் தரையில் போட்டால் துள்ளும், தெரியுமா! இரண்டு நுனியையும் மடக்கிக்கொண்டு ஒரு சாண் துள்ளும். சனியன்.

மருந்தடித்து மருந்தடித்து ஓய்ந்த பிறகு, விவசாய அதிகாரி தாட்சாயினி வந்து பாட்டில் கட்டக் கற்றுக்கொடுத்தார். காலித் தண்ணீர் பாட்டிலில் சுட்ட கம்பியால் ஓட்டை போட்டு, உள்ளே ஒரு மணத்தையும் துளி விஷத்தையும் ஊற்றிய பஞ்சைத் தொங்கவிட வேண்டும். ஆண் ஈக்கள் பெண்டாட்டி கிடைத்தாள் என்று உள்ளே ஓடும், அங்கேயே விழுந்து சாகும். பாட்டிலின் அடியில் அவை குவிந்து கிடப்பதைப் பார்க்க எனக்கு மனசுக்குள் ஒரு குளிர்ச்சி. இதில் என்ன வெட்கம், இருந்தது.

“அக்கா, இதுல ஆம்பள ஈ மட்டும்தான் விழும், அதனால பாட்டில் கட்டிட்டோம்னு உக்காந்துடாதீங்க,” என்றார் தாட்சாயினி. “ஈ எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு கண்டுபுடிக்கத்தான் இது. வாரா வாரம் எண்ணி எழுதுங்க. எந்த பாட்டில்ல நெறைய விழுதோ, அந்தப் பக்கம்தான் அது பெருகுற எடம்.”

ஐந்து பாட்டில் கட்டினோம். நான்கு எங்கள் நிலத்தின் மூலைகளில், ஐந்தாவது கால்வாய் ஓரத்தில். சனிக்கிழமை சனிக்கிழமை நான் எண்ணிக் காலண்டர் தாளில் எழுதினேன்.

அதிகாரி இன்னொன்றும் சொன்னார். குத்து வாங்கிய காயைச் செடிக்கடியில் போடக்கூடாது, இரண்டடி ஆழத்தில் குழி வெட்டிப் புதைக்க வேண்டும், ஒரு காயை விட்டாலும் அதிலிருந்து நூறு ஈ கிளம்பும் என்றார். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அவர் வேலை தலையை ஆட்டுவதோடு முடிந்தது. குழி வெட்டுவது யார்? நான்தான். மேட்டு மண், அரையடிக்குக் கீழே கல். தினம் இரண்டு வாளி காய். ஒரு வாரத்தில் என் இடுப்பு விட்டுப்போயிற்று.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் குணசீலன் பதினோரு ஆடு வைத்திருந்தான். ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பஷீர் பாய் வாங்குவார், கோயில் நேர்த்திக்கும் ஆட்கள் வாங்குவார்கள். கொஞ்சம் பாகலும் போட்டிருந்தான். ஒரு நாள் பத்து மணிக்கு என் வீட்டுக்காரர் தேத்தண்ணி குடிக்கக் கீழே இறங்கிப் போன நேரம், நான் வாளியைத் தூக்கி வேலிக்கு மேலே நீட்டினேன்.

“குணா, இத ஆட்டுக்குப் போடுப்பா. மண்ணுல போட்டு மூட மனசு வரல.”

மனசு வரவில்லையாம்! இடுப்பு வரவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அவன் வாளிக்குள் எட்டிப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“சரிங்க அண்ணி,” என்றான். அவ்வளவுதான்.

ஆறு வாரம் இப்படி நடந்தது. தினம் இரண்டு வாளி. ஆடு தின்கிறதா என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் எட்டிப் பார்த்திருக்கலாம். பதினான்கு வருஷம் அடுத்தவன் பிசகைப் பார்த்துப் பார்த்துக் குறி போட்டவளுக்கு, தன் வாளி எங்கே போகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. காலி வாளியை வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிடுவேன்.

அந்த வியாழக்கிழமை பஷீர் பாய் போன் செய்தார். கடையில் காய் நறுக்குகிற பலகையில், வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க, பாகற்காய்க்குள்ளிருந்து புழு துள்ளி விழுந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

“தங்கராஜு, எனக்கு உங்க மேல கோவம் இல்லலா. ஆனா இன்னொரு தடவ இப்படி வந்துச்சுன்னா நான் கேமரன் மலைக் காய்க்குப் போயிடுவேன். மானம் போச்சு எனக்கு.”

“மன்னிச்சுக்குங்க பாய். இனிமே வராது,” என்றார் இவர், அவ்வளவு மெதுவாக. போனைப் பையில் போட்டார். தொட்டிக் குழாயிலிருந்து ரப்பர் ஹோஸைக் கழற்றினார்.

“பேப்பர் ஒழுங்கா சுத்துனியாடி? பிஞ்சுலயே சுத்துனியா?”

பிஞ்சிலேயே பேப்பர் சுற்றினால் ஈ குத்த முடியாது. ஒரு நாளைக்கு முந்நூறு பிஞ்சுக்குச் சுற்றுகிறேன், விரல் நுனியெல்லாம் ஸ்டேப்ளர் கிழித்த காயம். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் முதல் அடி முதுகில் விழுந்தது. பாகல் பந்தலுக்கடியில் சுருண்டுவிட்டேன். கை ஓய்ந்து அவராக நிறுத்துகிற வரைக்கும் அடித்தார். பதினேழு. நானாக எண்ணவில்லை, அது தானாக எண்ணிக்கொள்கிறது.

இரண்டு நாள் கழித்து சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு எங்கள் சாமான் கொட்டகையில் வெள்ளைத் தாளை விரித்து, பாட்டில்களைக் கவிழ்த்து, இடுக்கியால் பத்துப் பத்தாக ஒதுக்கி எண்ணினேன். முதுகு பற்றி எரிந்துகொண்டிருந்தது. முதல் பாட்டில் முப்பத்தெட்டு. அடுத்தது நாற்பத்தொன்று, முப்பத்தைந்து, நாற்பத்து நான்கு. ஐந்தாவதைக் கவிழ்த்ததும் தாள் கறுத்துவிட்டது. இரண்டு தடவை எண்ணினேன்.

வாசலில் வந்து நின்ற என் வீட்டுக்காரரிடம் ஐம்பது என்று சொல்லியிருக்கலாம். ஈயை எண்ணிப் பார்க்க அவருக்குப் பொறுமையும் கிடையாது. ஆனால் இந்தப் பாழாய்ப்போன பெருமை இருக்கிறதே, எண்ணிக்கையில் பொய் சொல்ல விடாது.

“முந்நூத்திப் பன்னெண்டு,” என்றேன்.

“எது?”

“கால்வாய் ஓரத்துல தொங்குனது.”

அவர் தொட்டித் திட்டில் ஏறி, வேலிக்கு மேலே குணாவின் பக்கம் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டிக் காட்டினார்.

“ஆட்டுக் கொட்டகைக்குப் பின்னால பாரு. அழுவுன காயா குவிச்சு வச்சிருக்கான். எம் பொழப்புல மண்ணள்ளிப் போடத்தான் வேணும்னே வளக்குறான்.”

நானும் ஏறிப் பார்த்தேன். என் இடுப்பு உயரத்துக்கு ஒரு குவியல். கறுத்து, கூழாகி, மேலே மஞ்சள் பட்டை ஈக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. ஆடு தின்னவில்லை. புழு விழுந்து கொழகொழத்த பாகற்காயை ஆடு மோந்துகூடப் பார்க்காது. அது அவனுக்கு முதல் நாளே தெரிந்திருக்கும். அண்ணி ஆசையாகக் கொடுக்கிறாள், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று தினம் வாங்கி அங்கே கொட்டியிருக்கிறான். அந்தக் குவியல் முழுக்க என்னுடையது.

என் வீட்டுக்காரர் எங்கள் கொட்டகைக்குள் போய்ப் புதர் வெட்டுகிற பாராங்கத்தியை எடுத்தார். கொட்டகையிலிருந்து கால்வாய் நாற்பது எட்டு. அந்த நாற்பது எட்டும் நான் அவருக்குப் பின்னால் நடந்தேன். “நான்தாங்க கொடுத்தேன்” என்ற வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் அந்தக் கத்தி என் பக்கம் திரும்பும். முதுகில் ஹோஸ் தடம் இன்னும் ஆறவில்லை. பயந்துவிட்டேன். இதற்கு நான் வேறு எந்த மெழுகும் பூசப் போவதில்லை. தம்பிதானே, மிரட்டிவிட்டு வந்துவிடுவார் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு நடந்தேன்.

குணசீலன் ஆடுகளுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தான். இரண்டு வருஷம் பேசாத அண்ணன் கால்வாயைத் தாண்டி வருவதைப் பார்த்ததும் அவன் முகத்தில் முதலில் சிரிப்புதான் வந்தது. பாவி, சமாதானம் பேச வருகிறார் என்று நினைத்துவிட்டான்.

“அண்ணே...”

இவர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துப்போய்க் குவியலுக்கு முன்னால் நிறுத்தினார்.

“என்னாடா இது? யாரு காயி?”

குணா என்னைப் பார்த்தான். நான் இவருக்குப் பின்னால் நான்கடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அவன் பார்வை என் கழுத்தில் தெரிந்த ஹோஸ் தடத்தில் வந்து நின்றது.

“என் காயிதாண்ணே,” என்றான். “புதைக்கணும்னு இருந்தேன், மறந்துட்டேன். இன்னைக்கே புதைச்சிடுறேன்.”

“மறந்துட்டியா?”

அவன் பிடரியைப் பிடித்து முகத்தைக் குவியலுக்குள் அழுத்தினார். முட்டியால் முதுகை மிதித்துக்கொண்டு, “தின்னுடா. எம் பொழப்பத் தின்னல்ல, இதையும் தின்னு,” என்றார். ஈ எல்லாம் ஒரே மூச்சில் கிளம்பியது. குணா மூச்சுக்குத் திணறிக் கையை வீசினான். கையில் பக்கத்தில் கிடந்த மண்வெட்டியின் பிடி அகப்பட்டது. அதை ஊன்றி எழுந்தான். எழத்தான் ஊன்றினான், நான் பார்த்தேன், கோயில் வாசலில் நின்றுகூடச் சொல்வேன், அவன் அதை ஓங்கவில்லை.

“என்னையே வெட்ட வர்றியா?” என்று கத்திக்கொண்டு இவர் பாராங்கத்தியை இறக்கினார். முதல் வெட்டு மண்வெட்டிப் பிடியில் இருந்த இடது கையில் விழுந்தது. இரண்டாவது முன்கையில் எலும்பு வரைக்கும் போனது. மூன்றாவதற்கு ஓங்கும்போது நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன். கத்தியின் தட்டைப் பக்கத்தால் என் தாடையில் ஒரு போடு போட்டார். ஆட்டுக் கொட்டகை மேல் போய் விழுந்தேன். ஆடுகள் கதறிக்கொண்டு ஒன்றின் மேல் ஒன்று ஏறின.

குணா உட்கார்ந்துவிட்டான். தன் கையைத் தூக்கிப் பார்த்தான். சுண்டு விரலும் மோதிர விரலும் இல்லை. ரத்தம் முழங்கை வழியாக ஒழுகியது.

பஷீர் பாயின் வேன் மேலே வந்து நின்றது அப்போதுதான். பாய் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடி வந்தார். “யா அல்லா, யா அல்லா” என்றபடி தோளில் கிடந்த துண்டால் கையைச் சுற்றிக் கட்டி, அவனைத் தூக்கி வேனில் போட்டுக்கொண்டு பறந்தார். என் வீட்டுக்காரர் தொட்டியடியில் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்ததும் மண்வெட்டியை எடுத்து அதன் முனையால் தன் முன்கையில் ஒரு கீறு கீறினார்.

“அவன்தான் மொதல்ல மம்பட்டியத் தூக்கிட்டு வந்தான். நீ பாத்த,” என்றார்.

நான் தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“பாத்தியா இல்லியா?”

“பாத்தேன்.”

சொன்னேன். ஆமாம், அப்போதும் அப்படித்தான் சொன்னேன்.

அவர் சட்டை மாற்றப் போன நேரம் என் போன் அடித்தது. பஷீர் பாய். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம்.

“தங்கச்சி, டாக்டர் கேக்குறாரு, வெரலு எங்க? கெடச்சா தச்சிடலாமாம். சுத்தமான பிளாஸ்டிக்குல போட்டு, வெளிய ஐஸு வச்சுக் கொண்டாங்க. சீக்கிரம். இந்தப் பயலக் கேட்டா, வழுக்கி விழுந்துட்டேன்னே சொல்லுறான். என்னா நடந்துச்சு அங்க?”

போனைப் போட்டுவிட்டு ஓடினேன். குவியலுக்குள் இரண்டு கையையும் விட்டேன். அழுகல் முழங்கை வரைக்கும் ஏறியது. புழுக்கள் முகத்தில் துள்ளி விழுந்தன. கைக்கு அகப்பட்டதெல்லாம் பிஞ்சுப் பாகற்காய், ஒவ்வொன்றும் விரல் அளவு. எடுக்கிறேன், பார்க்கிறேன், எறிகிறேன். ஐயோ, அந்த நேரத்தில் நான் கும்பிடாத சாமியில்லை. மோதிர விரல் மேலேயே கிடந்தது. சுண்டு விரல் மண்வெட்டிக்கடியில் இருந்தது. தண்ணீரில் அலசி, மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த புதுப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினேன். ஐஸ் பெட்டி கொட்டகையில் இருந்தது. அதைத் திறக்கும்போது என் மணிக்கட்டை அவர் பிடித்தார்.

வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, தலையைப் படிய வாரியிருந்தார்.

“எங்க போற?”

“ஆஸ்பத்திரிக்குங்க. தச்சிடலாமாம். பாய் சொன்னாரு. கொடுத்துட்டு நேரா வந்துடுறேன்.”

“மொதல்ல போலீஸு. மொதல்ல ரிப்போர்ட் போடுறவன்தான் ஜெயிப்பான்.”

“போற வழியிலதாங்க. உங்க தம்பிங்க. உங்க கூடப் பொறந்த தம்பி.”

அவர் பையை என் கையிலிருந்து பிடுங்கினார். வெளிச்சத்தில் தூக்கி ஒரு தடவை பார்த்தார். பிறகு கால்வாயில் வீசினார். முந்தின நாள் பெய்த மழையில் கால்வாய் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் குதித்தேன். இடுப்பளவுத் தண்ணீரில் விழுந்து எழுந்து பாலம் வரைக்கும் ஓடினேன். அதற்கப்புறம் அது குழாய்க்குள் போய்விடுகிறது. பை போய்விட்டது.

அவர் மேலே மோட்டார் சைக்கிளை உறுமவிட்டுக்கொண்டு நின்றார். ஏறினேன். ஈரத் துணியோடு, அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போனேன். அப்போது எனக்கு அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. பயம் எங்கே போயிற்று என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் ஒரு இளம்பெண், அதிரா என்று சட்டையில் பெயர். நல்ல தமிழ் பேசினாள். முதலில் அவரைத் தனியாக உட்கார வைத்து எழுதினாள். கதவு வழியாக அவர் குரல் கேட்டது, எவ்வளவு பணிவு! தம்பி எப்படி வழிதவறிப் போனான், இவர் எப்படி விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தார் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார். கையிலுள்ள கீறலையும் காட்டியிருப்பார். பிறகு அவரை வெளி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு என்னை அழைத்தாள்.

“அக்கா, உங்க கொழுந்தன் இப்ப ஆபரேஷன்ல இருக்காரு. மயக்கம் தெளிஞ்சதும் வார்டுலயே அவர அரெஸ்ட் பண்ண வேண்டி வரலாம். அவரு மொதல்ல மம்பட்டியால அடிக்க வந்தாருன்னு உங்க வீட்டுக்காரரு சொல்றாரு. கடைக்காரரு எல்லாம் முடிஞ்சப்புறம்தான் வந்திருக்காரு. பாத்த சாட்சி நீங்க ஒருத்தர்தான். என்ன நடந்துச்சு?”

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“அவர உள்ள கூப்புடுங்க மேடம்,” என்றேன். “அவரு மொகத்துக்கு முன்னாலதான் சொல்லுவேன்.”

“அப்படிப் பண்றதில்லக்கா. நீங்க பயப்படாம சொல்லுங்க, நான் இருக்கேன்ல.”

“நீங்க இங்க இருப்பீங்க மேடம். நான் வீட்டுக்குப் போகணும். தனியா சொன்னா, நாளைக்குக் காலையில நானே வந்து அதெல்லாம் பொய்யின்னு மாத்திச் சொல்லுவேன். எனக்கு என்னயத் தெரியும். திரும்பிப் போக வழியில்லாம சொல்லணும். கூப்புடுங்க.”

அவள் என் தாடையைப் பார்த்தாள். கத்தி பட்ட இடம் கறுத்து வீங்கியிருந்தது. கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினாள். பிறகு எழுந்து போய், வாசலில் இரண்டு கான்ஸ்டபிள்களை நிறுத்திவிட்டு, அவரை உள்ளே கூப்பிட்டாள். அவர் வந்து எனக்குப் பக்கத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மேசைக்கடியில் அவர் கால் என் காலை மிதித்தது.

“சொல்லு லெட்சுமி, பாத்தத சொல்லு. மேடம் கேக்குறாங்கல்ல.”

“அந்தக் குவியல் குணாவோடது இல்ல,” என்றேன். “என்னோடது. உங்க நெலத்துக் காயி. ஆறு வாரமா தெனம் ரெண்டு வாளி, நீங்க தேத்தண்ணி குடிக்கப் போனதும் நான்தான் வேலிக்கு மேல கொடுத்தேன்.”

அவர் சிரித்தபடியே இருந்தார். இன்னும் விளங்கவில்லை.

“அவன் மம்பட்டிய ஓங்கல. நீங்க அவன் மொகத்த அழுகல்ல போட்டு அழுத்துனீங்க, அவன் ஊனி எந்திரிச்சான், நீங்க ரெண்டு வெட்டு வெட்டுனீங்க. கையில இருக்குறது நீங்களே கீறிக்கிட்டது. வெரலக் கொடுத்தா தச்சிருப்பாங்க. கால்வாயில வீசுனதும் நீங்கதான்.”

“அடியே...”

“தம்பிய ஊனமாக்கிட்டீங்க. அவன் ஒரு காயும் கொட்டல. எல்லாம் நான் கொட்டுனது.”

கான்ஸ்டபிள்கள் வாசலில் இருந்தார்கள், மேசைக்கு அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர் இருந்தாள். அதெல்லாம் அவர் கண்ணில் படவில்லை. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். என் கொண்டையைப் பிடித்து முகத்தை மேசை விளிம்பில் மோதினார். ஒரு தடவை, இரண்டு தடவை. என் முன்பல் உடைகிற சத்தம் எனக்கே கேட்டது. “வாய ஒடச்சாத்தாண்டி நீ அடங்குவ” என்று மூன்றாவது தடவை இழுத்தபோது கான்ஸ்டபிள்கள் அவர் மேல் விழுந்தார்கள். நாற்காலி கவிழ்ந்தது. தரையில் போட்டுக் கையைப் பின்னால் முறுக்கி விலங்கு மாட்டினார்கள். அப்போதும் விடவில்லை. “பாத்தீங்களா மேடம், இவ வாயப் பாத்தீங்களா” என்று இன்ஸ்பெக்டரிடமே நியாயம் கேட்டுக்கொண்டு கிடந்தார்.

இன்ஸ்பெக்டர் அதிரா சுவரோடு ஒட்டி நின்றாள். பாவம், சின்னப் பெண். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. மேசை மேலிருந்த தாளில் என் ரத்தம் சிந்தியிருந்தது. அதை ஒதுக்கிவிட்டு வேறு தாள் எடுத்தாள்.

“அக்கா, உங்க கொழுந்தன் ஏன் இதச் சொல்லல? கடைக்காரருகிட்டகூட வழுக்கி விழுந்துட்டேன்னுதான் சொல்லியிருக்காரு. அண்ணி கொடுத்ததுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவரு கை தப்பிச்சிருக்குமே.”

வாயிலிருந்த பல் துண்டைக் கையில் துப்பிக்கொண்டேன்.

“இப்ப நீங்க பாத்தீங்களே, இது எனக்கு விழுமேன்னுதான் மேடம் அவன் சொல்லல. இது எனக்கு விழுமேன்னுதான் நானும் சொல்லல. எழுதிக்குங்க.”